தப்பும் தவறுமாக

என் தங்கை பேத்தி கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பியை முடித்துவிட்டு நான் பேப்பரைப் பிரித்த நேரத்தில், கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுடன் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"தாத்தா, நீங்க கதை எழுதறவர். மனுஷங்க மனசு உங்களுக்குத் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. இதையெல்லாம் படிச்சுட்டு, நான் இந்த வேலையில இருக்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க."

டப்பாவைத் திறந்தேன். உள்ளே நாலாக மடித்த காகிதச் சீட்டுகள், நாற்பதுக்கு மேல் இருக்கும். வகுப்பைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன, பெயர் போடாமல், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்றால் மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை.

அவள் பாடம் நடத்துகிற முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய காலத்துப் போல இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் ஒரே குரலில் ஒப்பிக்க வைப்பது அவளுக்கு ஆகாது. நாலு நாலு பேராக உட்கார வைத்துப் பேசச் சொல்வாள். ஒருவன் கடைக்காரன், இன்னொருவன் சாமான் வாங்க வந்தவன் என்று வேஷம் கொடுப்பாள். ஒருத்தி கையில் ஒரு படம் இருக்கும். அதைப் பார்க்காத மற்றவள் கேட்டுக் கேட்டு அதே படத்தை வரைய வேண்டும். பேச்சில் தப்பு வந்தால் உடனே குறுக்கிட மாட்டாள். மொழி என்பது அலமாரியில் பூட்டி வைக்கிற வெள்ளிப் பாத்திரம் அல்ல, தினம் புழங்குகிற பித்தளைச் சொம்பு. புழங்கப் புழங்கத்தான் கை பழகும் என்பது இந்த முறையின் சாரம். 1970-களில் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் கிளம்பி, பிறகு உலகம் பூராவும் பரவிய முறை.

முதல் சீட்டைப் பிரித்தேன்.

'மேடம், வகுப்பு ரொம்ப ஜாலியாக இருக்கிறது. பாடம் எப்போது ஆரம்பிப்பீர்கள்?'

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

'எங்களை இங்கிலீஷில் பேசச் சொல்கிறீர்கள். நாங்கள் தமிழில்தான் பேசுகிறோம். நீங்கள் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் எஸ், எஸ், வெரி குட் என்று சொல்லிக்கொள்கிறோம். மன்னிக்கவும்.'

'இது பரீட்சையில் வருமா?' இந்த மூன்று வார்த்தை மட்டும் ஏழெட்டுச் சீட்டுகளில் இருந்தது.

'இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்த ஐந்து பேர் பேசுகிறார்கள். மற்றவர்களும் பேசியதாக நீங்கள் கணக்கு வைத்துக்கொள்கிறீர்கள்.'

'என் ஹாபி என்ன என்று கேட்டீர்கள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிறேன். வீடு திரும்ப ராத்திரி ஏழு. எனக்கு ஹாபி கிடையாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் ரீடிங் புக்ஸ் என்றேன்.'

'நான் பேசுவது சரியா தப்பா என்று நீங்கள் சொல்வதே இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது. அவனுடைய தப்பை நானும், என்னுடைய தப்பை அவனும் கற்றுக்கொண்டு வருகிறோம்.'

நல்லதாகவும் இரண்டு மூன்று இருந்தன. 'இந்த வகுப்பில்தான் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்காருகிறவள் பெயர் தெரிந்தது' என்று ஒன்று. ஆனால் என்னை நிறுத்திவிட்டது வேறொரு சீட்டு. பச்சை மசி. பொடிப் பொடியாக, கோடு போட்ட மாதிரி எழுத்து.

'எனக்கு ரூல் வேண்டும், மேடம். ரூல் தெரிந்துகொண்டு பேசினால் யாரும் சிரிக்க முடியாது. ரூல் சொல்லிக்கொடுக்காமல் பேசச் சொல்வது, செருப்பில்லாமல் நெருஞ்சி முள்ளில் நடக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது.'

அதை இரண்டு தரம் படித்தேன். எழுதியது யாரோ ஒரு பத்தொன்பது வயசுப் பெண்ணாக இருக்கலாம். ஆனால் எனக்கென்னவோ அதை நானே எழுதியதாகத் தோன்றியது. எழுதிய வருஷம் 1968.

அதற்கும் முன்னால் போக வேண்டும். 1962-ல் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் உபாத்தியாயர் புதிதாகப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். அந்த நாளில் மதராஸ் ராஜ்யம் பூராவும் ஒரு பெரிய முயற்சி நடந்தது. இங்கிலீஷ் ஆரம்ப வகுப்பு எடுக்கும் 27,000 உபாத்தியாயர்களுக்குப் புதிய முறையில் மறுபடி பயிற்சி கொடுப்பது என்று திட்டம். இத்தனை பேருக்கு ஒருவரே கற்றுக்கொடுக்க முடியுமா? கொஞ்சம் பேர் கற்றுக்கொண்டு, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்குச் சொல்லி, அவர்கள் மேலும் பலருக்குச் சொல்லி, உருளும் பனிப்பந்து பெருத்துக்கொண்டே போவது போல் போக வேண்டும். அதனால் அதற்கு 'மதராஸ் பனிப்பந்து' என்றே பெயர் ஏற்பட்டது. பனியைக் கண்ணால் பார்க்காத ஊரில் பனிப்பந்து!

அந்தப் பந்து உருண்டு வந்து எங்கள் பள்ளிக்கூடத்தையும் தொட்டது. வாக்கியங்களை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும் என்பது அந்த முறை. எங்கள் ஸார் நாற்காலியிலிருந்து எழுந்து, "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்று சொல்லிக்கொண்டே கதவுக்கு நடப்பார். கதவைத் தொட்டுவிட்டு, "ஐ ஆம் வாக்கிங் டு த டேபிள்" என்று திரும்பி வருவார். நாங்களும் கூடச் சொல்வோம். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதன் என் காதில் கேட்டான்: "ஸார் ஏண்டா சொல்லிக்கிட்டே நடக்கறாரு? நமக்குக் கண்ணில்லையா?"

அவன் மேலே படிக்கவில்லை; அப்பாவோடு நெல் வியாபாரத்துக்குப் போய்விட்டான். ஆனால் அவன் கேட்டது சாமானியக் கேள்வி அல்ல. பத்து வருஷம் கழித்து, 1972-ல், ஹெச். ஜி. விட்டோசன் என்கிற இங்கிலீஷ்காரர் ஒரு கட்டுரை எழுதினார். வாக்கியம் அமைக்கத் தெரிவது வேறு, அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் ஒரு காரியம் செய்யத் தெரிவது வேறு. பல வருஷம் இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் முதலாவதில் தேர்ந்து இரண்டாவதில் திணறுகிறார்கள் என்றார். புதிய முறைக்கு விதை போட்ட எழுத்துகளில் அதுவும் ஒன்று. எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதை வாயாலும் சொல்வதால் யாருக்கும் ஒரு சேதியும் கிடைப்பதில்லை. நெல் வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. சேதி இல்லாத பேச்சு வேஷப் பேச்சு.

1968-ல் நான் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம், கணக்கு எல்லாம் தமிழில் படித்தவன். கல்லூரியில் கால் வைத்ததும் எல்லாமே இங்கிலீஷ். மூன்றாம் நாள் பஸ் வர நேரமாகிவிட்டது. வகுப்பு வாசலில் போய் நின்றேன். ஏன் தாமதம் என்று கேட்டார் ஆசிரியர். 'பஸ் லேட், ஸார்' என்றால் போதும். ஆனால் கல்லூரி அல்லவா? வழியெல்லாம் மனசுக்குள் கட்டிக்கொண்டு வந்த வாக்கியத்தை எடுத்து விட்டேன்.

"ஐ ஹேவ் கேம் லேட் பிகாஸ் பஸ் ஈஸ் நாட் கேம், ஸார்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. திட்டவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "பஸ் ஈஸ் நாட் கேம்?" என்று திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். எண்பது பேர் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க எனக்கு 'நாட் கேம்' என்றுதான் பெயர். மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் நுழையும்போதே, "நாட் கேம் ஹேஸ் கேம்!" என்று ஒரு குரல் வரும்.

அன்றைக்கு எடுத்தேன் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை. 1930-களில் வந்த புத்தகம். அதை எழுதிய இருவரில் ரென் துரை ஒரு நாவலாசிரியர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரியும். 1924-ல் வந்த 'போ ஜெஸ்ட்' என்ற பேர்போன பாலைவனக் கதை அவருடையது. கதைக்காரர் எழுதியிருந்தும் அதில் ஒரு கதையும் இல்லை, விதிகள்தான். ஒவ்வொரு விதியையும் உருப்போட்டேன். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் பிரித்து, இது இன்ன வாக்கியம், இது அதன் வால் என்று காட்டுவேன். பரீட்சையில் நல்ல மார்க். ஆனால் வாயை மட்டும் திறக்கவில்லை. ஒருவர் என்னிடம் இங்கிலீஷில் பேசினால் புன்னகை செய்வேன். ஒன்பது வருஷம் புன்னகை செய்தேன். ஆகவே பச்சை மசிக்காரி கேட்கிற செருப்பு என்னிடம் இருந்தது. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

1977-ல் டில்லிக்குப் போக வேண்டியிருந்தது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ். மனைவியும் இரண்டு வயசுப் பெண்ணும் கூட. வாரங்கல் தாண்டியதும் குழந்தைக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. ராத்திரி ஆக ஆக அனலாகக் கொதித்தது. கண் செருகியது. மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். எதிர்ப் பலகையில் ஒரு கிழவர், வெள்ளைத் தொப்பி, மராத்திக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மராத்தியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது.

என்ன பேசினேன் என்று இன்றைக்கும் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "சைல்டு ஹாட். வெரி ஹாட். எஸ்டர்டே நோ ஹாட்."

அவர் எழுந்து வந்து குழந்தையின் கழுத்தில் கையை வைத்தார். "வாட்டர், கிளாத், ஹெட் புட்" என்றார். நனைத்த துணியை நெற்றியில் போட்டோம். "நாக்பூர் டாக்டர் கம். ஐ டெல் கார்டு" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் அந்த வயசில் பிளாட்பாரத்தில் ஓடினார். நாக்பூரில் ரெயில்வே டாக்டர் வந்தார். ஊசி போட்டார். விடியும்போது குழந்தை பால் கேட்டது.

இருவர் பேசியதையும் ரென் துரை கேட்டிருந்தால் பாலைவனத்துக்கே போயிருப்பார். ஆனால் அந்த இரவில் இரண்டு பேர் இங்கிலீஷும் நொண்டிக்கொண்டே நடந்து, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க யாருக்கும் நேரம் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது. அதற்குப் பிறகு மூடவில்லை என்று என் மனைவி சொல்லுவாள்.

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியிடம் சொன்னேன். அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"அப்போ நான் செய்யறது சரிதானே, தாத்தா? ரூல் இல்லாமலேயே உங்களுக்குப் பேச வந்துதே?"

"பாதி சரி. மீதிப் பாதியை உன் பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றேன்.

அவள் என்னைவிட விஷயம் படித்தவள். என். எஸ். பிரபு என்பவரின் பெயரை அவள்தான் எனக்குச் சொன்னாள். பிறகு அவர் புத்தகத்தை அவளிடமே வாங்கிப் படித்தேன். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஒரு பரீட்சார்த்தம் நடத்தினார். அவர் எண்ணம் இதுதான்: மனசு ஒரு அர்த்தத்தைத் தேடி மும்முரமாக இருக்கும்போதுதான் இலக்கணம் ஓசைப்படாமல் உள்ளே வந்து உட்காருகிறது. ஆகவே பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடம் கிடையாது. கதவுக்கு நடக்கிற நாடகமும் கிடையாது. ஒரு ரெயில்வே கால அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பார். ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார். யோசித்து விடை சொல்ல வேண்டும். யோசனையின் வழியாக மொழி வரும். 1987-ல் 'செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி' என்ற புத்தகத்தில் இதையெல்லாம் எழுதினார். நம் ஊர் வகுப்பறைகளில் பிறந்த அந்தப் புத்தகத்தை உலகத்தில் எத்தனையோ தேசங்களில் இங்கிலீஷ் ஆசிரியர்கள் படிக்கிறார்கள்.

அதில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். பிள்ளைகளைக் கும்பலாக உட்கார வைத்துத் தங்களுக்குள் பேச வைப்பதில் பிரபு அதிக நாட்டம் காட்டவில்லை. பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்பது அரைகுறை இங்கிலீஷ்தானே, நல்ல இங்கிலீஷ் ஆசிரியர் வாயிலிருந்து அல்லவா வர வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆசிரியர் முன்னால் தப்பாகி நிற்பதைவிடத் தோழர்கள் முன்னால் தப்பாகி நிற்பது சில பிள்ளைகளுக்குப் பெரிய அவமானம் என்பது. பிஸ்கட் டப்பாவில் இருந்த இரண்டு சீட்டுகள் இதையேதான் சொல்லின!

"பார்த்தாயா, உன் பிள்ளைகள் மட்டமானவர்கள் இல்லை. அவர்கள் பேச மாட்டேன் என்று சொல்லவில்லை. சிரிப்புக்குப் பயப்படுகிறார்கள். ரூல் கேட்பது படிப்பு ஆசையால் மட்டும் இல்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதவு கேட்கிறார்கள். பரீட்சை காகிதத்தில் நடக்கும்போது காகிதத்துக்கு உதவுகிறதைக் கேட்பதிலும் குற்றம் இல்லை. இன்னொன்று, நீ பேசச் சொல்கிறாய். பேசுவதற்குச் சேதி கொடுக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பிள்ளையை ஹாபி கேட்கிறாயே!"

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஜப்பான்லயும் இப்படித்தான் தாத்தா" என்றாள். 1987-லிருந்து அங்கே ஒரு திட்டம் நடக்கிறதாம். இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ள வாலிபர்களை வெளிதேசங்களிலிருந்து வரவழைத்துப் பள்ளிக்கூடங்களில் உதவி ஆசிரியர்களாக வைக்கிறார்கள். ஆனால் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை என்பது அங்கேயும் ஆசிரியர்களின் பழைய குறையாம். படித்தவர்கள் இந்தியாவில் இங்கிலீஷை இரண்டாம் மொழி என்றும், ஜப்பானில் அந்நிய மொழி என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆறரை பஸ் பிடிக்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவன் தெருவிலும் வீட்டிலும் இங்கிலீஷ் இல்லை. அவனுக்கும் அது கடல் தாண்டி வந்ததுதான்.

"நீங்க ஒரு நாள் என் வகுப்புக்கு வாங்களேன்" என்றாள்.

போனேன். புதன்கிழமை. அறுபது கண்கள், எண்பது கண்கள் என்னைப் பார்த்தன. எழுத்தாளர் வந்திருக்கிறார், இலக்கியம் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்து முகத்தைத் தூக்கத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நான் 1968-ஆம் வருஷத்து வாக்கியத்தை அப்படியே சொன்னேன். "பஸ் ஈஸ் நாட் கேம்." ஒரு நிமிஷம் மௌனம், கிழவரைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. நான் சிரித்தேன். பிறகு வகுப்பே சிரித்தது. ஐம்பத்து சொச்சம் வருஷம் கழித்து அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டது மனசுக்கு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

அப்புறம் என் பிரச்னையைச் சொன்னேன். எனக்கு எழுபது வயசுக்கு மேல். முழங்கால் வலி. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். தாராசுரம் கோயிலையும் சுவாமிமலையையும் பார்க்க வேண்டும். சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கிற பட்டறை ஒன்றையும் பார்க்க ஆசை. மத்தியானம் சன்னிதிகள் சாத்திவிடுவார்கள். டாக்ஸிக்குப் பணம் இல்லை. எந்த வழியாக, எதை முதலில் பார்ப்பது? தமிழ் எனக்குப் புரியாது. இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு பையன் எழுந்தான். நல்ல இங்கிலீஷ், சென்னையில் படித்தவன். அழகாக, இலக்கணச் சுத்தமாக, சுவாமிமலையை மாலையில் வைத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னான்.

"ஹௌ மெனி ஸ்டெப்ஸ் தேர்?" என்று கேட்டேன்.

அவனுக்குத் தெரியவில்லை. சுவாமிமலைக்கு அவன் போனதே இல்லை. வகுப்பைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண், அதுவரையில் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தவள், பாதி எழுந்தாள்.

"சிக்ஸ்டி ஸ்டெப் இஸ் தேர். ஒன் ஸ்டெப், ஒன் தமிழ் இயர் நேம். மை ஹவுஸ் நியர்."

"சிக்ஸ்டி! மை நீ?" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஃபர்ஸ்ட் சுவாமிமலை கோ. மார்னிங் நோ சன். ஸ்லோ. யூ சிட், சிட், கோ."

வகுப்பு சிரித்தது. அவள் முகம் சிவந்து, உட்காரப் போனாள். நான் விடவில்லை. "வெரி குட். ஐ வில் சிட், சிட், அண்ட் கோ. தென்?" என்றேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இங்கிலீஷ் இந்த உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்! அவள் என்னைப் பார்த்தாள். நான் கேலி செய்யவில்லை, நிஜமாகவே வழி கேட்கிறேன் என்று புரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று மேலே சொன்னாள். பட்டறை எந்தத் தெருவில் என்று சொன்னாள். தாராசுரத்தை முதலில் வைக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட அதுதான் என்று ஒரு பையன் மறுத்தான். வெயில் ஏறினால் படியில் கால் சுடும் என்று இவள் திருப்பி அடித்தாள். சென்னைப் பையன் அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தான். கால் மணி நேரம் சண்டை. அதில் இருந்த தப்புகளை எண்ணினால் அறுபது படிக்கும் ஒவ்வொன்று வைக்கலாம்.

கடைசிப் பத்து நிமிஷத்தில் என் பேத்தி ஒரு காரியம் செய்தாள். அவர்கள் பேசியதில் ஏழு வாக்கியங்களைக் குறித்து வைத்திருந்தாள். யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி, பக்கத்தில் சரியான வாக்கியத்தையும், அதற்குரிய விதியையும் எழுதினாள். அத்தனை பேனாவும் ஒரே சமயத்தில் வெளியே வந்தது. 'பாடம் எப்போது' என்று கேட்ட பிள்ளையும் அதில் இருந்திருக்க வேண்டும். பசித்த பிறகு இலை போட்டால் பரிமாறுகிறவர் அலுக்கிற வரையில் சாப்பிடுவார்கள். பசிக்கு முன்னால் போட்ட இலையை நாங்கள் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இவளோ பசியைக் கிளப்பிவிட்டு இலை போட மறந்திருந்தாள்.

ஒரு நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நான் கதை எழுதுகிறேன் என்று அர்த்தம். பரீட்சை இன்னும் காகிதத்தில்தான் நடக்கிறது. அந்தக் கேள்விக்கு என் பேத்தியிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. கும்பல் பெஞ்சில் தமிழ் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வேலையை விடுவது பற்றி அவள் அப்புறம் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். டப்பா இல்லை. ஒரே ஒரு சீட்டு. பச்சை மசி.

'தாத்தாவிடம் சொல்லுங்கள் மேடம். சிக்ஸ்டி ஸ்டெப் இஸ் என்று நான் சொன்னது தப்பு. ஸ்டெப்ஸ் ஆர் என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் பலகையில் எழுதிய ஏழு வாக்கியங்களில் அது இல்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கே தெரிந்தது. தாத்தா மலை ஏறினாரா?'

ஏறினேன் அம்மா. உட்கார்ந்து, உட்கார்ந்து.